ஒரே வீடு, மூன்று பாக்டீரியா, மூன்று கணக்கு

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரே மாதத்தில் உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 6 வயது மகனுக்குத் தொண்டைப் புண், 10 நாள் மருந்து. மாமியாருக்கு நீர்க்கடுப்பு, 5 நாள். மாமனாருக்கு நுரையீரலில் காசநோய், 6 மாதம். மருந்து தொடங்கி 3 வாரம் ஆகிறது. மூன்றுக்கும் காரணம் பாக்டீரியா என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் பாக்டீரியாதான் என்றால் நாள் கணக்கில் ஏன் இவ்வளவு வித்தியாசம், மகனுக்கு மூன்றாம் நாளே சரியாகிவிட்டதே, நிறுத்திவிடலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: மாமனாரின் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டீர்கள், 4 வயது மகளை அவர் அறைப் பக்கம் விடுவதில்லை. ஆகவே யாரிடமிருந்து யாருக்குத் தொற்றும், எந்த நாளோடு அந்தப் பயம் தீரும் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

நான் நோயாளிக்கு மருந்து எழுதுகிற ஆள் இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சளி, சிறுநீர், இரத்தம், சீழ் என்று வந்ததையெல்லாம் வளர்த்துப் பார்த்து, இது இன்ன கிருமி, இன்ன மருந்துக்குச் சாகும் என்று எழுதிக் கொடுத்தவன். அதனால் கிருமியின் குணத்தை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் மாமனாரின் நுரையீரல் எப்படி இருக்கிறது, மருந்து அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் இங்கிருந்து சொல்ல முடியாது. அது அவரை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை.

பாக்டீரியா நோய் எதுவானாலும் அதற்கு மூன்று தேதிகள் உண்டு. உடம்பு தேறும் தேதி ஒன்று. அடுத்தவருக்குப் பரவுவது நிற்கும் தேதி ஒன்று. மருந்தை நிறுத்தலாம் என்கிற தேதி ஒன்று. இந்த மூன்றும் ஒரே நாளில் வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அநேகமாக எந்த நோயிலும் அப்படி வருவதில்லை. எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கிருமி உடம்பில் எங்கே குடியிருந்து எந்த வழியாக வெளியேறுகிறது, அது எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது.

உங்கள் மகனிடமிருந்து தொடங்குவோம். பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் எச்சில் துளிகளில் பரவும். ஒரே வகுப்பறை, ஒரே படுக்கை போன்ற நெருக்கம் போதும். சரியான ஆண்டிபயாடிக் உள்ளே போய் ஒரு நாள், அதாவது 24 மணி நேரம் ஆனால் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் வலியும் போய்விடும். ஆனால் மருந்து 10 நாள். மற்ற இரண்டு தேதிகளும் எப்போதோ கடந்த பிறகும் மூன்றாவது தேதி ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறது? தொண்டை வலிக்காக இல்லை. இந்தக் கிருமியோடு போராடும் உடம்பு, சில வாரம் கழித்துத் தன் இதயத்தையும் மூட்டுகளையுமே தாக்கத் தொடங்கலாம். அதைத்தான் ருமாட்டிக் காய்ச்சல் என்கிறோம். இதய வால்வு நிரந்தரமாகக் கெட்டுப்போன பல பெரியவர்களின் கதை, சிறு வயதில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு தொண்டை வலியில்தான் தொடங்கியிருக்கும். தொண்டையிலிருந்து கிருமியைத் துப்புரவாக நீக்க 10 நாள் பெனிசிலின் வகை மருந்து வேண்டும் என்பது அந்த நோயைத் தடுக்க எழுந்த கணக்கு. ருமாட்டிக் காய்ச்சல் அபூர்வமாகிவிட்ட சில நாடுகளில் 5 நாள் போதும் என்றும் இப்போது எழுதுகிறார்கள். எந்தக் கணக்கு உங்கள் மகனுக்குப் பொருந்தும் என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் 10 என்று எழுதியிருந்தால் மூன்றாம் நாள் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று. தொண்டை வலியில் பெரும்பாலானவை பாக்டீரியாவே இல்லை, வைரஸ். குழந்தைகளிலேயே நூறு தொண்டை வலிக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரைதான் இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பெரியவர்களில் இன்னும் குறைவு. மூக்கு ஒழுகுதல், தும்மல், குரல் கட்டுதல் கூடவே இருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சளி பச்சையாக வந்தால் பாக்டீரியா என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பச்சை நம் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வைரஸ் ஜலதோஷத்திலும் சளி பச்சையாக வரும். அதை வைத்து மருந்து கேட்டு வாங்குவதில் பொருள் இல்லை.

உங்கள் மாமியாரின் நீர்க்கடுப்புக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அது யாருக்கும் பரவாது. அதை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் ஈ.கோலை. அவருடைய குடலிலேயே காலம்காலமாக வாழ்ந்துகொண்டிருந்த கிருமிதான். நாலு விரற்கடை தள்ளி, போகக்கூடாத பாதையில் ஏறிவிட்டது. மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பில் காவலுக்கு இருந்த நல்ல பாக்டீரியாக்கள் குறைவதால் அந்த வயதில் இது அடிக்கடி வரும். சிறுநீர்ப்பையோடு நிற்கிற தொற்றுக்கு 3 முதல் 5 நாள் மருந்து போதுமானது. மருந்து சிறுநீரில்தானே செறிவாகச் சேர்கிறது. குளிர்காய்ச்சலும் விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலியும் வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள், அப்போது கணக்கு மாறும். அறிகுறி எதுவும் இல்லாமல் பரிசோதனையில் மட்டும் சிறுநீரில் கிருமி இருப்பதாக வந்தால் பெரும்பாலான முதியவர்களுக்கு மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு அப்படி விடக்கூடாது. கிருமி இருக்கிறது என்று நாங்கள் எழுதி அனுப்பிய எத்தனையோ தாள்களைப் பார்த்து, வலியே இல்லாதவர்கள் மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் தாள் கிருமி இருப்பதைத்தான் சொல்லும், நோய் இருப்பதைச் சொல்லாது.

இனி மாமனார். காசநோய்க் கிருமி வேறு ஜாதி. ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். மாலையில் ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் தேய்த்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக வளர்ந்திருக்கும். காசநோய்க் கிருமி ஒரு தடவை இரண்டாக 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதைத் திட ஊடகத்தில் வளர்த்துவிட்டு 8 வாரம் வரை காத்திருந்திருக்கிறோம். அதன் மேல் மெழுகு போன்ற தடித்த தோல் உண்டு. சாதாரணச் சாயம் அதில் ஏறாது, சூடு காட்டிச் சிவப்புச் சாயம் ஏற்றினால் அமிலத்தில் கழுவினாலும் போகாது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ஆண்டிபயாடிக் பெரும்பாலும் வளரும் கிருமியைத்தான் பிடிக்கும். இந்தக் கிருமியில் ஒரு பகுதி வளராமல், கிட்டத்தட்ட உறக்கத்தில், நுரையீரலின் கட்டிகளுக்குள் கிடக்கும். முதல் சில நாட்களிலேயே வேகமாகப் பெருகும் கூட்டத்தில் பெரும்பகுதி செத்துவிடும். இருமல் குறையும், பசி வரும், எடை கூடும். மிச்சம் இருக்கும் உறங்குமூஞ்சிகள் அவ்வப்போது விழிக்கும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். 6 மாதம் என்பது அந்தக் காத்திருப்பு.

மாத்திரை ஏன் நான்கு வகை என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் தனியாகக் கொடுக்கப்பட்ட பிரிட்டிஷ் ஆய்வு 1948-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். பிறகு பலருக்கு மருந்தை மீறும் கிருமி வளர்ந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும் இடத்தில், ஏதோ ஒரு மருந்துக்கு அசையாத சில எப்போதும் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் அந்தச் சில மட்டும் பிழைத்துப் பெருகும். பல மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒருசேர மீறும் கிருமி இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதனால் முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்புடால் நான்கும். அடுத்த 4 மாதம் அவற்றில் இரண்டோ மூன்றோ. முன்பு ஒன்றரை, இரண்டு வருடம் மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் வந்து அதை 6 மாதமாகச் சுருக்கின. சிலருக்கு 4 மாத முறையும் இப்போது ஏற்கப்பட்டிருக்கிறது. உங்கள் மாமனார் தாமாக மருந்துகளில் ஒன்றைக் குறைப்பதோ, நாள் விட்டு நாள் சாப்பிடுவதோ, அவர் உடம்பிலேயே அந்தப் பழைய ஆய்வைத் திரும்ப நடத்துவது போல. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின். கண் மஞ்சளானாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

அவரிடமிருந்து எப்படிப் பரவும்? காற்றில். இருமும்போது வெளிவரும் துளிகள் காய்ந்து, மிக நுண்ணியதாக, மூடிய அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை ஒருவர் மூச்சில் இழுத்தால் ஆழத்துக்குப் போகும். தட்டு, தம்ளர், துணி, கை குலுக்குதல், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுதல் இவற்றால் பரவுவதில்லை. இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். நுரையீரலுக்கு வெளியே, நிணநீர்க் கட்டியிலோ எலும்பிலோ மட்டும் வரும் காசநோய் பொதுவாகப் பரவுவதே இல்லை. தட்டைத் தனியாக எடுத்து வைப்பதால் கிருமிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மனிதருக்குத்தான் நஷ்டம். ஜன்னலைத் திறந்து வைப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

எப்போது பரவாமல் போகும் என்பதில் கறாரான ஒரு தேதி கிடையாது. இரண்டு வாரம் என்பது நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு. கிருமிக்குப் பொருந்தும் மருந்தாக இருந்தால் அதற்கு முன்பே, சில நாட்களிலேயே பரவும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று இப்போது கருதுகிறார்கள். ‘பொருந்தும் மருந்தாக இருந்தால்’ என்பதை இரண்டு தடவை படியுங்கள். ரிஃபாம்பிசினை மீறும் கிருமியாக இருந்தால் 3 வாரம் ஆனாலும் அது பொருட்டில்லை. தொடக்கத்தில் சளியில் கிருமி எவ்வளவு இருந்தது என்பதும் முக்கியம். நுண்ணோக்கியில் எங்கள் கண்ணுக்கு ஒரு குச்சி தட்டுப்பட வேண்டுமென்றால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். அப்படிக் கண்ணில் பட்ட நோயாளியிடமிருந்துதான் அதிகம் பரவும்.

வீட்டில் வைத்தே சிகிச்சை செய்யலாமா என்பது ஒரு காலத்தில் பெரிய சண்டை. நோயாளியைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து, மாதக்கணக்கில் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் வைப்பதுதான் வழக்கமாக இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் இதை நேரடியாகவே சோதித்தார்கள்: ஒரு பிரிவினர் சானடோரியத்தில், இன்னொரு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீடுகளில், இருவருக்கும் ஒரே மருந்து. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. குடும்பத்துக்குத் தொற்று போயிருந்தால் அது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்னரே போய்விடுகிறது. உங்கள் வீட்டுக்கும் அதுதான் பொருந்தும். மருந்து தொடங்கும் முன் மாமனார் எத்தனை வாரம் இருமிக்கொண்டிருந்தார், மகள் அப்போது அவர் மடியில் இருந்தாளா என்பதே முக்கியமான கேள்வி. தொற்று போன எல்லோருக்கும் நோய் வராது. நூறில் 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும். ஆனால் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த ஆபத்து அதிகம், வந்தால் மூளைக்காய்ச்சலாகவும் முற்றலாம். பிசிஜி தடுப்பூசி அந்தக் கடுமையான வகைகளிலிருந்து நல்ல பாதுகாப்பு தருகிறது, முழுப் பாதுகாப்பு இல்லை. அதனால் நோய் இல்லை என்று உறுதியானபின் சிறு குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பது வழக்கம்.

சரியானதும் நிறுத்தலாமா என்ற உங்கள் பொதுக் கேள்விக்கு நேர்மையான பதில், நோய்க்கு நோய் வேறு. ‘எழுதிய மருந்தை முழுவதும் முடிக்காவிட்டால் கிருமி எதிர்ப்பு பெற்றுவிடும்’ என்பதை எல்லா நோய்க்கும் ஒரே மந்திரமாக நாங்களே சொல்லிவந்தோம். காசநோயில் அது அப்படியே உண்மை. ஆனால் சாதாரண நிமோனியா, நீர்க்கடுப்பு போன்றவற்றில் தேவைக்கு மேல் நாள் நீட்டுவதுதான் எதிர்ப்புக்கு வழி, ஏனென்றால் நம் குடலிலும் தோலிலும் இருக்கும் அப்பாவிக் கிருமிகள் ஒவ்வொரு நாளும் அந்த மருந்தைப் பார்த்துப் பழகுகின்றன. 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சில நிபுணர்கள் இந்த மந்திரத்துக்குச் சான்று போதாது என்றே எழுதினார்கள். மருத்துவமனைக்கு வெளியே வரும் நிமோனியாவுக்கு, நோயாளி தேறிவந்தால் 5 நாள் போதும் என்பது இன்று நன்றாக நிரூபணமானது. ஆகவே நாள் குறையலாம். குறைப்பது மருத்துவராக இருக்க வேண்டும். உங்கள் மகனின் புட்டியில் மிஞ்சியதை மகளுக்கு அடுத்த காய்ச்சலுக்குக் கொடுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

மூன்று தேதிகளும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு இரண்டு நோய்களைச் சொல்கிறேன். கக்குவான் இருமலில் ஆண்டிபயாடிக் 5 நாள் போனால் பரவுவது நின்றுவிடும். ஆனால் இருமல் வாரக்கணக்கில் தொடரும், ஏனென்றால் கிருமி போனாலும் அதன் நஞ்சு செய்த சேதம் ஆற வேண்டும். டைபாய்டில் இதற்கு நேர் எதிர். காய்ச்சல் போய் ஆள் நடமாடத் தொடங்கிய பின்னும் சிலரது பித்தப்பையில் கிருமி தங்கி, மலத்தோடு வெளிவந்துகொண்டே இருக்கும். நூறில் 2 முதல் 5 பேர் இப்படி நெடுநாள் சுமப்பவர்களாக ஆகலாம். நியூயார்க்கில் சமையல் வேலை செய்த மேரி மாலன் அப்படி ஒருவர். தமக்கு நோயே இல்லை என்று அவர் கடைசிவரை நம்பினார். அவர் சமைத்த வீடுகளில் டைபாய்டு வந்தது. 1907-ல் ஒரு முறையும் 1915-ல் மறுபடியும் தனிமைப்படுத்தினார்கள். 1938-ல் இறக்கும்வரை தனிமையிலேயே இருந்தார். அவர் மீது கோபப்படுவதா இரக்கப்படுவதா என்று எனக்கு இன்றும் முடிவு செய்ய முடியவில்லை. டைபாய்டு மலத்திலிருந்து தண்ணீர், உணவு வழியாக வாய்க்கு வரும் நோய். அங்கே ஜன்னலைத் திறந்து பயனில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் சுத்தமான தண்ணீரும்தான் காப்பு. சந்தேகம் வந்தால் மருந்து தொடங்கும் முன் இரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களைப் பார்க்கும் விடால் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டுவது எங்கள் துறையில் பெரும்பாலோருக்குப் பிடிக்காது, எனக்கும்தான்.

பாக்டீரியா நோய் என்றால் ஆண்டிபயாடிக்தான் உயிர் காக்கும் என்பதும் எப்போதும் சரியில்லை. காலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்பு. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்க வைப்பதே முதல் சிகிச்சை, ஆண்டிபயாடிக் துணைக்கு வருவது. 1971-ல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதைக் குடும்பத்தாரே கொடுக்கும்படி செய்து, சுமார் 30 சதவீதமாக இருந்த சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். டெட்டனஸ் மண்ணிலிருந்து காயத்துக்குள் போகும் கிருமி. ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது. பிழைத்து எழுந்தாலும் எதிர்ப்புச் சக்தி வராது, தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். உண்ணி வகைப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸில், எவ்வளவு விலையுயர்ந்த பெனிசிலின் வகை ஊசி போட்டாலும் காய்ச்சல் அசையாது. பழைய டாக்சிசைக்கிளின் மாத்திரைக்கு இரண்டு நாளில் இறங்கிவிடும். ஆகவே ‘வலுவான மருந்து கொடுங்கள்’ என்று கேட்பதைவிட ‘எந்தக் கிருமிக்கு இந்த மருந்து’ என்று கேட்பது உதவும்.

மாமனாரோடு அடுத்த முறை போகும்போது இவற்றைக் கேட்டு வாருங்கள்: முதல் சளிப் பரிசோதனையில் நுண்ணோக்கியிலேயே கிருமி தெரிந்ததா, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று முடிவு வந்துவிட்டதா, 2 மாத முடிவில் சளியை மறுபடி எப்போது பார்ப்பார்கள். எதிர்ப்பு இல்லை, மருந்தும் ஒரு நாள் விடாமல் போகிறது என்றால் அவரைப் பற்றிய பயத்தில் பெரும்பகுதியை விட்டுவிடலாம். தட்டையும் தம்ளரையும் அதுவரைகூடத் தனியாக வைக்க வேண்டியதில்லை, இன்றைக்கே மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள். மகளையும் மகனையும் மட்டும் இந்த வாரத்துக்குள் காசநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.